சொல்லியும் கேட்காத மக்களா?

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி அரசு மருத்துவமனைகளின் காய்ச்சல் பிரிவுகள் நிரம்பியதும், அதிகாரிகளின் பேட்டிகளிலும் நாளேடுகளின் தலையங்கங்களிலும் படித்தவர்களின் பேச்சிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. டெங்குவைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று. துண்டறிக்கை கொடுத்தாயிற்று, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தாயிற்று, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பேரணியும் நடத்தியாயிற்று. அப்படியும் வீட்டுக்கு வீடு கொசுப்புழு இருக்கிறதென்றால் இந்த மக்கள் திருந்தப் போவதில்லை. ஆகவே தெருத்தெருவாகப் புகை அடிப்பதும், புழு கண்ட வீட்டுக்கு அபராதம் விதிப்பதும்தான் மிஞ்சியுள்ள வழிகள் என்பது அக்கருத்து. இதையொட்டியே இன்னொரு நம்பிக்கையும் நிலவுகிறது: சுகாதாரக் கல்வி என்பது தனித்திறன் எதுவும் வேண்டாத எளிய வேலை, யாரை விட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடலாம், செவிலியரைப் பொறுத்தவரை அது மற்ற வேலைகள் முடிந்தபின் நேரம் இருந்தால் செய்யத்தக்க ஒரு துணைப்பணி.

இவ்விரண்டு கருத்துகளும் தவறானவை. இரண்டாவது தவறிலிருந்தே முதல் தவறு பிறக்கிறது. சுகாதாரக் கல்வி எனப்படுவது, ஒருவர் தம் உடல்நலத்தைக் காக்கும் ஒரு செயலைத் தம் வீட்டில், தமக்குள்ள வசதிகளைக் கொண்டு, பிறர் தூண்டுதலின்றித் தொடர்ந்து செய்யும் நிலையை அடையும்வரை அவருக்குத் துணை நிற்பதாகும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கொசுவால் பரவும் நோய்களைப் பற்றிய சுகாதாரக் கல்வி தமிழ்நாட்டில் தோற்றுப்போனது என்று சொல்ல இடமே இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது இன்னும் தொடங்கவேயில்லை. அரசுக் கணக்கின்படி 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி மாநிலம் முழுவதும் 12,000க்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளிய டெங்கு, 2017இல் 23,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 65 உயிர்களைப் பறித்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் அறிவிப்புகளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்த அறிவிப்புகளில் சொல்லப்பட்டது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'உங்கள் சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பதே பெரும்பாலான சுவர் எழுத்துகளின் சாரம். இதைப் படிக்கும் இல்லத்தரசி ஒருவர் தெருவோரச் சாக்கடையையும் குப்பை மேட்டையும் பார்க்கிறார், வாசலைக் கூட்டுகிறார், நகராட்சி ஊழியர் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடரைக் கோடாகத் தூவிச் சென்றால் நிம்மதி அடைகிறார். சாக்கடையில் பெருகுவது கியூலக்ஸ் வகைக் கொசு. இரவில் கடிக்கும் அது யானைக்கால் நோயைப் பரப்புகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வகையோ பகலில் கடிப்பது. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள தெளிந்த தண்ணீரைத் தேடிச் சென்று முட்டையிடுவது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு அடிகளுக்கு மேல் பறந்து செல்லாதது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சை என்னும் மூன்றாவது வகையோ சென்னை போன்ற ஊர்களில் கிணறுகளிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் குடியிருக்கிறது. நான்கு நோய்களுக்கு மூன்று வகைக் கொசுக்கள், மூன்று வகை இருப்பிடங்கள் என்று இருக்கும்போது, 'தூய்மை' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு மக்கள் கேட்கவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது. அவர்கள் கேட்டார்கள், சொன்னபடியே வாசலைத் தூய்மையாக்கினார்கள், டெங்குக் கொசு அடுக்களைக்குப் பின்னால் இருந்த நீல நிற டிரம்மில் பெருகியது.

டிரம்மைப் பற்றிச் சொன்னவர்களும் 'தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். ஏடிஸ் கொசுவின் பெண், முட்டைகளை நேரடியாகத் தண்ணீரில் விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உள்சுவரில் ஒட்டவைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. மீண்டும் தண்ணீர் ஏறி அவற்றைத் தொட்டதும் பொரிந்து, புழுவாகவும் பின்னர்க் கூட்டுப்புழுவாகவும் மாறி, ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகப் பறந்துவிடுகின்றன. எனவே தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே நிரப்பிக்கொள்ளும் வீட்டில், சொன்னபடி நடந்தும் பயன் விளைவதில்லை. உட்சுவரைத் தேய்த்துக் கழுவி உலர விட்டால்தான் முட்டை போகும். இந்த ஒரு நுணுக்கத்தை ஒலிபெருக்கியால் கற்பிக்க முடியாது.

அதைக் கற்பிக்கும் முறை வேறு. கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கருவுற்ற பெண்ணைப் பார்க்கவோ தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடியோ வீட்டுக்குச் செல்லும்போது, இரத்த அழுத்தம் பார்த்து முடித்தபின், வீட்டுக்காரப் பெண்ணோடு பின்கட்டுக்குப் போகிறார். டிரம்மின் மூடியைச் சட்டென்று திறந்தால் நிழல் பட்டவுடன் புழுக்கள் அடிக்குப் போய்விடும் என்பதால், சற்றுப் பொறுத்திருந்து டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறார். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டுகிறார். தம் வீட்டுத் தண்ணீரில் நெளியும் உயிரைத் தம் கண்ணால் காணும் பெண்ணுக்கு அதற்குப் பிறகு முழக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. என்ன செய்வது என்றே கேட்கிறார். அப்போது செவிலியர் திருப்பிக் கேட்கும் கேள்வி, 'உங்கள் தெருவில் தண்ணீர் எந்தக் கிழமை வரும்?' என்பதாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வருமென்றால், திங்கள் மாலை அடியில் மிஞ்சிய தண்ணீரைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு, தேங்காய் நாரால் உள்சுவரை, விளிம்புக்குக் கீழ் உள்ள பகுதியை விட்டுவிடாமல் தேய்த்து, இரவு முழுவதும் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்கென்றே அமைந்த அறிவுரையாகிவிடுகிறது. மூடி உடைந்திருந்தால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாய்ப்பகுதியில் இறுக்கிக் கட்டச் சொல்லலாம். கவிழ்க்க முடியாத சிமெண்டுத் தொட்டியாக இருந்தால் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாமா, அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்து ஊற்றலாமா என்று அங்கேயே பேசி முடிவு செய்யலாம். மருந்தின் வாடை பிடிக்காமல் பணியாளர் போனவுடன் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டும் வீடுகள் ஏராளம் என்பதையும், அது பிடிவாதமன்று, குடிக்கும் தண்ணீரைப் பற்றிய அச்சம் என்பதையும் செவிலியர் அறிவார். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, யாரும் மாவரைக்காத ஆட்டுக்கல், மாடியில் கிடக்கும் டயர், கொல்லையில் எறிந்த கொட்டாங்குச்சி ஆகியவற்றை ஒரு சுற்றில் இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம். அடுத்த மாதம் வரும்போது மீண்டும் அந்த டிரம்மைத் திறந்து பார்ப்பதோடுதான் அந்தப் பாடம் முடிகிறது. ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையையும், ஆயிரம் துண்டறிக்கைகளைப் பேருந்து நிலையத்தில் வழங்கும் வேலையையும் ஒரே பெயரால் அழைத்து, பின்னதன் தோல்வியை முன்னதன் தலையில் சுமத்தியதுதான் 'மக்கள் திருந்தப் போவதில்லை' என்ற வாதத்தின் அடிப்படைப் பிழை.

மக்களை நம்பி நடத்தும் கொசுத்தடுப்பு பலன் தருமா என்ற கேள்விக்கு வெறும் நம்பிக்கையால் விடை கூற வேண்டியதில்லை. நிக்கராகுவாவின் மனாகுவா நகரிலும் மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலும் 150 குடியிருப்புப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2015இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான 'கமினோ வெர்டே' ஆய்வில், பாதிப் பகுதிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்குள்ளவர்களிடம் அவர்கள் வீட்டுத் தொட்டிகளில் கண்ட புழுக்களைப் பற்றிய செய்திகளே முன்வைக்கப்பட்டன. என்ன செய்வது என்பதை ஒவ்வொரு பகுதியும் தானே முடிவு செய்தது. கூடுதலாக எந்தப் பூச்சிக்கொல்லியும் பயன்படுத்தப்படவில்லை. மற்றப் பாதியோடு ஒப்பிட்டபோது, குழந்தைகளுக்கு டெங்கு வைரஸ் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடும், புழு காணப்பட்ட வீடுகளின் விகிதம் ஏறத்தாழ 44 விழுக்காடும் குறைந்திருந்தன. வியட்நாமில் தண்ணீர்த் தொட்டிகளில் மீசோசைக்ளோப்ஸ் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியை விட்டு ஏடிஸ் புழுக்களை அழித்த திட்டமும், சுகாதாரத் தொண்டர்களும் பள்ளி மாணவர்களும் வீடு வீடாகச் சென்று பேசிய ஊர்களில்தான் வென்றது. அந்த நாடுகளில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் செவிலியர் அல்லர் என்பது உண்மை. அதை வைத்து எழும் எதிர்வாதத்துக்குப் பின்னர் வருவோம்.

புகைக்கு இத்தகைய சான்று கிடையாது. வீடுகளைச் சுற்றிப் பூச்சிக்கொல்லிப் புகை தெளிப்பதால் டெங்கு குறைகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வுரை, அதை உறுதிப்படுத்தும் தெளிவான ஆதாரம் இல்லை என்றே முடிவு கூறியது. காரணமும் விளங்காததன்று. ஏடிஸ் கொசு வீட்டுக்குள், கொடியில் தொங்கும் துணிகளிலும் கட்டிலுக்கு அடியிலும் தங்குவது; தெருவில் புகை அடிக்கும் வண்டி வரும் சத்தம் கேட்டதும் வீட்டார் செய்யும் முதல் வேலை கதவையும் சன்னலையும் சாத்துவது. உள்ளே புகுந்த சிறிதளவு புகையும் பறக்கும் கொசுக்களில் சிலவற்றைக் கொல்லுமே தவிர, முட்டையையும் புழுவையும் தொடுவதில்லை. மறுநாள் காலை அடுத்த தொகுதி தொட்டியிலிருந்து புறப்பட்டுவிடுகிறது. நோய் வெடித்துப் பரவும் நேரத்தில், மற்ற நடவடிக்கைகளோடு சேர்த்து அவசரத் துணையாகப் புகையைப் பயன்படுத்துவதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. அதுவே தடுப்புப்பணியின் முகமாகிவிட்டதற்குக் காரணம், அரசு ஏதோ செய்கிறது என்பதைத் தெருவே பார்க்கும்படி காட்டும் ஆற்றல் புகைக்கு இருப்பதுதான். செவிலியர் பின்கட்டில் செலவிட்ட கால் மணி நேரத்தை எவரும் புகைப்படம் எடுப்பதில்லை.

அபராதத்தைப் பரிந்துரைப்போர் தவறாமல் சுட்டுவது சிங்கப்பூரை. கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்போரைத் தண்டிக்க அங்கே 1960களின் இறுதியிலேயே சட்டம் வந்ததும், கொசுப்புழு காணப்படும் வீடுகள் வெகுவாகக் குறைந்ததும் உண்மையே. ஆனால் அந்தச் சட்டத்தோடு வீடு தேடிச் சென்று கற்பிக்கும் பணியும் இணைந்தே நடந்தது என்பதையும், குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் அடுக்குமாடி வீடுகளில் அங்கு மக்கள் குடியேறியிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசுக் கட்டுப்பாட்டுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்து, வீட்டு உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் அளித்திருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கும் சட்டம் டெங்குவைத் தடுக்கவில்லை என்னும்போது, கல்வி தோற்றது என்று அறிவித்துச் சட்டத்தை நாடுவது வரிசையைத் தலைகீழாக மாற்றுவதாகும். பெரிய கட்டுமான இடங்கள், தொழிற்கூடங்கள், டயர்க் கிடங்குகள் ஆகியவற்றின் மீது சட்டம் பாயட்டும். அங்கே அறியாமை காரணமன்று, அலட்சியமே காரணம். தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் வீட்டாரிடம் அதே சட்டத்தை நீட்டினால் விளைவது ஒன்றுதான்: சீருடை அணிந்தவர் வந்தால் கதவு திறக்காது. காய்ச்சல் கண்ட குழந்தையும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இங்கே எதிர்த்தரப்பில் ஓர் உண்மையான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. நான்கு நாளுக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ தண்ணீர் வரும் ஊரில், தொட்டியும் டிரம்மும் அண்டாவும் குடமும் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே டெங்கு அறியாமையின் நோயன்று, தண்ணீர் வழங்கலின் நோய். இதில் செவிலியர் கற்பிக்க என்ன இருக்கிறது என்பது அவ்வாதம். இதன் முற்பகுதி முழுவதும் உண்மை. அன்றாடம் குழாய்த்தண்ணீர் கொடுப்பதற்கு ஈடான கொசுத்தடுப்பு வேறில்லை; அதைச் செய்யாத உள்ளாட்சி நிர்வாகம் மக்களின் பழக்கத்தைக் குறைகூறுவதற்குத் தகுதி இழந்துவிடுகிறது. ஆனால் இதிலிருந்து கல்வி வேண்டாம் என்ற முடிவு வராது. குழாய் நாளும் ஓடத் தொடங்கும் காலம்வரை அந்தத் தொட்டி அங்கேயேதான் இருக்கப்போகிறது. தண்ணீர் வரும் நாளின் முறையைக் கொசுவின் வளர்ச்சிக் காலத்தோடு பொருத்திப் பார்த்து, எந்தப் பாத்திரத்தை எந்த மாலையில் காலி செய்வது என்று வகுத்துக் கொடுக்க அங்கே ஒருவர் வேண்டும். எந்தத் தெருவில் தண்ணீர் பத்து நாளாக வரவில்லை, எந்தத் தெருவில் அதனால் புழு பெருகியிருக்கிறது என்பதை எழுத்தில் வைத்து ஊராட்சிக்கு அனுப்பக்கூடியவரும் அவரே. வீட்டார் சொன்னால் புகாராகத் தள்ளிவிடக்கூடிய செய்தி, செவிலியரின் பதிவேட்டிலிருந்து வரும்போது நோய்த்தடுப்பு ஆவணமாகிவிடுகிறது.

இனி, செவிலியர் எதற்கு, பயிற்சி பெற்ற எந்தத் தொண்டரும் இதைச் செய்யலாமே என்ற கேள்வி. தொட்டியைத் தேய்க்கக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுமானால் இக்கேள்வி நியாயமானதே. டெங்குவைப் பற்றிய கல்வியின் மறுபாதி காய்ச்சலைப் பற்றியது, அந்தப் பாதியில்தான் உயிர் தங்கியிருக்கிறது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து உடல் தளரத் தொடங்கும் ஒன்றிரண்டு நாட்களில் வருகிறது. உடம்பு சுடவில்லை என்று கண்ட தாய், பிள்ளை தேறிவிட்டது என்று நம்பிப் பள்ளிக்கு அனுப்பும் நாளும் அதுவே. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் அல்லது காரணமின்றி எரிச்சலாக அழுதல் ஆகிய அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர மருந்துக்கடையில் தரும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை என்பதையும் ஒரு தாய்க்குப் பதியும்படி சொல்ல, நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகியவரால்தான் முடியும். நிலவேம்புக் குடிநீரை நம்பும் வீட்டில் அதைப் பழித்துப் பேசிப் பகை தேடிக்கொள்ளாமல், அதைக் குடித்தாலும் இந்த அறிகுறிகள் தென்படுகின்றனவா என்று கவனித்துக்கொண்டிருங்கள், மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லும் பக்குவமும் அவரிடம்தான் கைகூடும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் கடும் டெங்குவில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகக் கூறிவருவது. அந்த உரிய நேரத்தை வீட்டிலிருந்தபடி கணிக்கக் கற்றுத்தருவது தொண்டரின் வேலையன்று.

கைக்குழந்தைகளின் நிலை இதற்கு இன்னும் வலுச்சேர்க்கிறது. ஏற்கெனவே டெங்கு வந்து சென்ற தாய்க்குப் பிறந்த குழந்தை, முதலாண்டின் நடுவில், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் தேய்ந்துவரும் மாதங்களில், முதல் முறை டெங்கு தொற்றும்போதே கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும். அந்த மாதங்களில் அந்தக் குழந்தையைத் தடுப்பூசிக்காகத் தொடர்ந்து சந்திக்கும் ஒரே அரசுப் பணியாளர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்குவதிலிருந்து பேறுகாலம்வரை உடனிருந்த 'நர்ஸம்மா' சொல்லும் சொல்லுக்கு அந்த வீட்டில் உள்ள மதிப்பு, மழைக்காலத்துக்கு மட்டும் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டுத் தொட்டி தொட்டியாகப் பார்த்துச் செல்லும் கொசு ஒழிப்புப் பணியாளருக்கு, அவர் எவ்வளவு உண்மையாக உழைத்தாலும், கிடைப்பதில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களுக்கெனப் பெண் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை முன்னின்று வகுத்தபோது வற்புறுத்தியதும் இதையே: சொற்பொழிவு மட்டும் போதாது, அதைத் தொடர்ந்து வீட்டுக்குள் சென்று தாய்மாரோடு பழக வேண்டும். இந்தியக் கிராமங்களின் சுகாதாரத்தைப் பற்றியும் நெடுங்காலம் எழுதிவந்த அவர் அன்று கண்டதைக் கொசுத்தடுப்புத் துறை இன்னும் ஏற்கவில்லை.

ஏற்காமைக்கு நிர்வாக அமைப்பே ஒரு காரணம். கொசு, தண்ணீர், குப்பை ஆகியவை சுகாதார ஆய்வாளரின் பொறுப்பு. தாயும் சேயும் செவிலியரின் பொறுப்பு என்று பிரிக்கப்பட்டு, நோய் நுழையும் தொட்டியும் நோயுறும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தும் இருவேறு பதிவேடுகளில் கிடக்கின்றன. இதை மாற்றுவதென்றால் செவிலியரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது என்று பொருளாகிவிடக் கூடாது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் அமர்த்தப்பட்டு, பதிவேடுகளையும் இணையப் பதிவுகளையும் நிரப்பியே பாதி நாளைக் கழிக்கும் ஒருவரிடம், 'ஓய்வு நேரத்தில் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பினால் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். அதற்கு அவரைக் குறைசொல்லவும் முடியாது.

ஆகவே அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், கணினிப் பதிவு வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்து, வாரத்தில் இரண்டு அரைநாட்களை வீட்டுச் சந்திப்புக்கென்று செவிலியருக்கு ஒதுக்க வேண்டும். சுகாதார ஆய்வாளரும் அவரும் ஒரே தெருப்பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ந்து செல்ல வேண்டும். தண்ணீர் வரும் நாளின் அட்டவணையை உள்ளாட்சி அவர்களுக்குத் தர வேண்டும். மாதாந்திர ஆய்வுக்கூட்டத்தில் எத்தனை துண்டறிக்கை வழங்கப்பட்டது, எத்தனை லிட்டர் மருந்து புகைக்கப்பட்டது என்று கேட்கும் அதிகாரிகள், போன மாதம் புழு கண்ட வீடுகளில் எத்தனை வீட்டுத் தொட்டிகள் இந்த மாதம் சுத்தமாக இருந்தன, காய்ச்சல் இறங்கிய நாளில் எத்தனை தாய்மார் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர் என்று கேட்கத் தொடங்கட்டும்.